பன்னிரண்டில் ஒன்று

அரியக்குடியில் உள்ள எங்கள் ஆயா வீட்டுக்கு இருபத்தேழு பேர் சொந்தக்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை. குடியிருக்கிற ஒரே பெண்ணுக்கு அந்த வீட்டில் ஓர் ஓடுகூடச் சொந்தமில்லை. வீட்டை விற்கலாம் என்று பேச்சு வந்தபோதுதான் இந்தக் கணக்கை நான் முதல்முறையாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

பங்குனி வெயிலில் ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மான் ஒரு விடுதலைப் பத்திரத்தின் நகலை அனுப்பியிருந்தார். ஆத்தா தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். "பொண்ணுகளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் அப்பவே செஞ்சாச்சுல்ல. இப்ப இது சும்மா சட்டத்துக்காகத்தான்" என்று போனில் சொன்னார். அவர் வரத் தாமதமாகும் என்றதால் திண்ணையில் உட்கார்ந்து போனில் ஒரு சொற்பொழிவு கேட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வீட்டுவசதி பற்றி வருடந்தோறும் ஒரு சொற்பொழிவு நடக்கிறது. ஜான் டன்லப் என்கிற பொருளாதாரப் பேராசிரியர் பெயரில் நடப்பது. அவர் ஜெரால்டு ஃபோர்டு அமைச்சரவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர். என் வேலை கடன் சம்பந்தப்பட்டது என்பதால் இப்படிப்பட்ட உரைகளை விடாமல் கேட்பேன். அங்கே திரும்பத் திரும்ப வருகிற கேள்வி ஒன்றுதான்: இன்னும் அதிகம் பேரைச் சொந்த வீட்டுக்காரர்களாக்குவது எப்படி?

அமெரிக்காவில் சொந்த வீட்டில் வாழும் குடும்பங்களின் விகிதம் 2004-ல் ஏறத்தாழ 69 சதவீதத்தைத் தொட்டது. அதுதான் உச்சம். தகுதி பார்க்காமல் கொடுத்த வீட்டுக்கடன்கள் 2008-ல் உலகத்தையே ஆட்டிவைத்தன. நம் நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 86.6 சதவீதக் குடும்பங்கள் சொந்த வீட்டில் இருக்கின்றன. கேட்டால் நாம் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருக்கும். கணக்கெடுப்பவர் கேட்பது சொந்தமா, வாடகையா, மற்றதா என்று மட்டும்தான். யாருக்குச் சொந்தம், எத்தனையில் எத்தனை பங்கு, விற்க முடியுமா, மகளுக்கு உண்டா என்று கேட்பதில்லை. நான் உட்கார்ந்திருந்த திண்ணைக்கு அந்த மூன்று கட்டங்களில் எதிலும் இடம் இல்லை.

*

கச்சேரி கேட்கிறவர்களுக்கு அரியக்குடி என்றால் ராமானுஜ ஐயங்கார். கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தென் திருப்பதி. எங்களுக்கு அது பெரிய வீடுகளின் ஊர். செட்டிநாட்டு வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் என்று அடுக்குவார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்ற பிறகு இந்த அடுக்கல் இன்னும் கூடிப்போனது. எனக்கு ஆச்சரியமாக இருப்பது தேக்கு அல்ல, அந்த வீட்டின் கணக்கு.

முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, சமையல் கட்டு என்று தெருவிலிருந்து பின்தெரு வரை நீள்கிற வீடு. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை அவன் பேருக்கு வரும். கொஞ்ச நாளில் 'வேறு வைப்பார்கள்'. அதாவது ஒரே கூரைக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு. கல்யாணமான ஒவ்வொருவனும் ஒரு புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களில் எது தன் கோயிலோ அதற்குப் புள்ளி வரி கட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கூட்டுக்குடும்பம் என்கிறார்கள். உள்ளே இருந்தது தனித்தனி வரவு செலவு வைத்திருந்த சின்னச் சின்னக் குடும்பங்கள். பொதுவாக இருந்தது கூரையும், கல்யாணம் நடக்கிற முகப்பும், முன்னோருக்குப் படைக்கிற படைப்பும்தான்.

ஆக, இது குடியிருக்க மட்டும் கட்டிய வீடு இல்லை. ஆண்கள் மூன்று வருடக் கணக்கில் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கொழும்புக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். வருடத்தில் பாதி அறைகள் பூட்டியே கிடந்திருக்கும். நல்லது கெட்டதுக்கு எல்லாரும் வந்து நிற்க ஓர் இடம் வேண்டும், 'இன்ன வீட்டுப் பிள்ளை' என்று சொல்லிக் கடல் தாண்டிக் கடன் வாங்க ஒரு முகவரி வேண்டும். அதற்காகக் கட்டியது. அப்படிப்பட்ட ஒன்றை யாரும் தனியாக விற்க முடியாமல் இருப்பது அன்றைக்குக் குறையாகத் தெரியவில்லை. அதுவே அதன் பலம்.

சட்டமும் அதற்குத் துணைநின்றது. கூட்டுக் குடும்பத்துக் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினாலும், உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தில் ஒரு பங்குக்காரர் நீதிமன்றம் சொல்லும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இது 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம். வெளியாள் நுழையாதபடி வாசலில் இரண்டு பூட்டு. உள்ளே இருப்பவர்கள் வெளியேறவும் அதே பூட்டுகளைத்தான் திறக்க வேண்டும் என்பது பின்னால்தான் புரிந்தது.

*

இந்த வீடுகளுக்கான பணம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. பர்மாவின் தென்பகுதியில் நெல் விளைவித்தவர்களுக்கு எங்கள் ஆட்கள் நிலத்தின் பேரில் கடன் கொடுத்தார்கள். 1930-ல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை. நிலம் வந்தது. 13 முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடிக் கைவசத்தில் இருந்த நிலத்தில் சுமார் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-ல் அது 25 சதவீதம். அவர்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணமாகத்தான் கேட்டார்கள் என்று எங்கள் வீடுகளில் இன்னமும் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசத்தால் என்ன லாபம்? 1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது ஏராளமானோர் நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது.

அடுத்தவர் நிலத்தை ஈடாக வாங்கித் தொழில் செய்தவர்களின் சொந்த வீடு, ஈடு வைக்கவே முடியாத வீடாக இருந்தது. அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்திரத்தின் பலம் என்ன என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

அதே 1937 பிப்ரவரியில் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று ஒரே நாளில் மூன்று கிளைகள். 1943-ல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் பேங்க் ஆஃப் மதுராவைத் தொடங்கினார். 2001-ல் அது ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. 1977-ல் எச்.டி. பாரேக் பம்பாயில் எச்டிஎஃப்சியைத் தொடங்கிய பிறகு, சம்பளக்காரர் கடன் வாங்கி வீடு வாங்கும் வழக்கம் மெல்ல மெல்ல இந்தியா முழுக்கப் பரவியது. இன்று எந்த வங்கியின் வாசலிலும் வீட்டுக்கடன் விளம்பரம் தொங்குகிறது. அந்தக் கடனுக்கு வேண்டியது வில்லங்கமில்லாத பத்திரம். எங்கள் ஆயா வீட்டை எந்த வங்கிக்குக் கொண்டுபோனாலும் முதல் கேள்வியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வங்கி தொடங்கிய ஊர்க்காரர்களின் வீட்டுக்கு வங்கியில் மதிப்பில்லை. ஓட்டைக் கூரையை மாற்றக் கடன் கிடையாது. கைக்காசு போட்டு மாற்றினால், 'எல்லாருக்கும் சேர்த்து நான் ஏன் போடணும்?' என்று ஒவ்வொருவரும் கேட்பார். அதற்குள் மழை வந்துவிடும்.

பிறகு என்ன நடக்கும் என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்க்கலாம். கதவு, நிலை, தூண், எனாமல் பாத்திரம், யாரோ ஒருவரின் கல்யாணப் படம்கூடக் கிடைக்கும். பிரிக்க முடியாத வீட்டைக் கடைசியில் இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

*

தமிழில் 'பங்காளி' என்ற சொல் இருக்கிறது. பங்கை ஆள்பவன். அண்ணன் தம்பி முறைக்காரனுக்கும் அதே சொல், சொத்துக்குப் போட்டி போடுகிறவனுக்கும் அதே சொல். பங்காளிக் காய்ச்சல் என்று ஒரு நோய்க்கே பேர் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஆத்தா இல்லை. பெண் பங்காளி என்று யாரையும் சொல்லிக் கேட்டதில்லை.

பெண்களிடம் பணமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சீதனமாக வந்த பணம் பெண்ணின் பேரில் தனிக் கணக்காகக் கிடந்து வட்டி சேர்த்தது. கடைக் கணக்குகளில் அதற்கு 'ஆச்சிமார் பணம்' என்று பேர். கடை புரட்டிய முதலில் அதுவும் சேர்த்தி. பணத்துக்கு வட்டி உண்டு, வீட்டில் பங்கு இல்லை. இதுதான் ஏற்பாடு.

1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. மகளும் வாரிசு என்றது. கூடவே 23-ஆம் பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தது. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. மகள் அங்கே குடியிருக்கலாம், அதுவும் கல்யாணமாகாதவளாகவோ, கைவிடப்பட்டவளாகவோ, கணவனைப் பிரிந்தவளாகவோ, விதவையாகவோ இருந்தால். வாழ்க்கை உடைந்தால் மட்டும் திறக்கிற கதவு அது. 1989-ல் தமிழ்நாடு தன் பங்குக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து மகளையும் பிறப்பால் பங்குதாரர் ஆக்கியது. இந்த விஷயத்தில் நாம் டெல்லியை முந்திக்கொண்டோம். ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது. ஆத்தாவுக்குக் கல்யாணம் 1976-ல். 2005-ல் நாடாளுமன்றம் அந்த 23-ஆம் பிரிவையே நீக்கியது. மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு என்றது. அப்பா எப்போது இறந்தார் என்பது இதற்குத் தடையில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் யாருக்கும் பிரிக்கவே மனசு வரவில்லை. அந்தத் தயக்கம்தான் ஆத்தாவுக்கு உதவியது.

கணக்கு இப்படி. வீட்டைக் கட்டியவருக்கு மூன்று மகன்கள். அதில் ஒருவர் ஆத்தாவின் அப்பச்சி. 1979-ல் தவறிவிட்டார். அவருக்கு இரண்டு மகன், இரண்டு மகள். பழைய சட்டப்படி, ஆயாவின் பங்கும் சேர்ந்து வந்த பிறகு ஆத்தாவுக்கு முப்பத்தாறில் ஒன்று. அதையும் கேட்க முடியாது. புதிய சட்டப்படி பன்னிரண்டில் ஒன்று. கேட்கலாம். அம்மான் சொன்ன 'சும்மா சட்டத்துக்காக' என்பதற்கு இவ்வளவு நீளமான வரலாறு இருக்கிறது.

நான் இதையெல்லாம் திண்ணையிலேயே ஆத்தாவுக்கு விளக்கினேன். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்ப இத்தனை நாளா எனக்கு இங்க என்ன இருந்துச்சு?" என்றாள்.

பதில் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வந்து பந்தி பார்த்தவள். படைப்புக்கு வந்து அடுப்பில் நின்றவள். எந்தத் தூணில் விரிசல் என்று அவளுக்குத்தான் தெரியும். விரலால் காட்டினாள்.

*

வீட்டில் இப்போது குடியிருப்பது ஒரு பெண்மணி. பேர் வேண்டாம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் புருஷனோடு காவலுக்கு வந்தார். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பின்கட்டில் ஓர் அறையில் அவரும் மகனும். தினமும் வளவைக் கூட்டுகிறார், வெள்ளிக்கிழமை முகப்பில் கோலம் போடுகிறார், மழை வந்தால் எந்த இடத்தில் அண்டா வைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். அன்றைக்கு எங்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்: "ஆச்சி, வீடு கைமாறப் போகுதாமே. நாங்க எப்பக் காலி பண்ணணும்?"

ஆத்தா காபியை எடுக்கவில்லை.

அவருக்கு என்ன வழி என்று நான் தேடிப் பார்த்தேன். தமிழ்நாட்டு வீட்டுவசதி வரலாற்றில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு, 'போ' என்றால் போக வேண்டியவர்களாக இருந்த விவசாயத் தொழிலாளருக்கு, அவர்கள் குடியிருந்த மனையையே சொந்தமாக்கியது 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம். அதற்கு மூன்று வருடம் முன்பு கீழ்வெண்மணியில் கூலி கேட்டவர்களின் உறவுகள் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். காலடி மண் அடுத்தவனுடையதாக இருக்கும்வரை கூலிகூடக் கேட்க முடியாது என்பதை அந்தக் காலம் ரத்தத்தில் எழுதிக் காட்டியது. பத்திரம் என்பது அங்கே முதலீடு இல்லை, முதுகை நிமிர்த்துகிற விஷயம். ஆனால் அந்தச் சட்டம் வயலில் வேலை செய்தவர்களுக்கானது. மாளிகைக்குக் காவல் இருப்பவர்கள் அதில் வர மாட்டார்கள்.

2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் இருக்கிறது. 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். குடிசையில் வாழ்பவர்களுக்கு, சொந்த மனையோ பட்டாவோ இருந்தால். இவர் வாழ்வது குடிசையில் இல்லை, பர்மாத் தேக்கு மாளிகையில். மனையும் இல்லை. இன்னொரு பக்கம் பாருங்கள். 2015-ல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் வட்டி மானியம் வேண்டுமானால், இந்தியாவில் எங்கேயும் தன் குடும்பத்தின் பேரில் பக்கா வீடு இல்லை என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது. திருப்பூரில் வாடகைக்கு இருக்கும் என் சித்தப்பா முறைக்காரர் ஒருவர் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நாப்பதுல ஒரு பங்கு இருக்கு, ஒரு நாள்கூட அங்க தூங்குனதில்ல. நான் வீடு உள்ளவனா இல்லாதவனா?"

சொந்த வீட்டுக்காரர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே கொள்கையின் வேலை என்று நினைத்தால், இந்த இரண்டு பேரும் கண்ணில் படமாட்டார்கள். ஒருவர் பத்திரத்தில் இருக்கிறார், வீட்டில் இல்லை. இன்னொருவர் வீட்டில் இருக்கிறார், பத்திரத்தில் இல்லை. யார் பேரில், யாருடைய கையெழுத்தால், யாரை வெளியே வைத்து என்பதுதான் வீட்டின் வரலாறு. பர்மா நெல்வயலிலும் அதுதான், 23-ஆம் பிரிவிலும் அதுதான், பின்கட்டிலும் அதுதான்.

பழைய கதை என்று ஒதுக்கவும் முடியவில்லை. சென்னையில் நான் இருபது வருடக் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீட்டின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கு எழுதிக் கொடுத்திருப்பது நிலத்தில் 'பிரிபடாத பாகம்'. மறுபடியும் பங்கு வீடுதான்! ஒரு வித்தியாசம். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து வாழ ஒரு வழியை நாம் கண்டுபிடித்துவிட்டோம். ரத்த உறவுகளுக்கு இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நம் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. செட்டியார்கள் கொடுத்த பணத்தில் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகம், காரைக்குடியில் அழகப்பர் கட்டிய கல்லூரிகளின் மேல் இன்னொரு பல்கலைக்கழகம். வீட்டைப் பற்றி வருடம் ஒரு சொற்பொழிவு காரைக்குடியில் நடந்தால் எனக்கு ஆசைதான். கட்டடக்கலையைப் பற்றிப் பேச நிறையப் பேர் வருவார்கள். முதல் வருடம் வில்லங்கச் சான்றைப் பற்றிப் பேசச் சொல்வேன்.

*

அம்மான் சாயங்காலம் வந்தார். ஆத்தா பத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடுறேன்ப்பா. எனக்குப் பணமும் வேண்டாம். அந்தப் புள்ளைக்குப் பின்கட்டுல ரெண்டு சென்ட் எழுதிக் குடுத்துருங்க. கனவு இல்லமோ என்னமோ, கட்டிக்கிடட்டும்."

"அதெப்படி ஆச்சி, அது உங்க பங்கு மட்டும் இல்லையே. அதுக்கும் எல்லாரும் கையெழுத்துப் போடணும்."

"பன்னெண்டுல ஒண்ணுங்கறா இவ. ரெண்டு சென்ட்டு அதுக்குள்ள அடங்கும்ல?"

அடங்கும். மனை முப்பத்தாறு சென்ட். ஆனால் அவளுடைய மூன்று சென்ட் எந்த மூலையில் இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. பிரிபடாத பாகம் என்றால் அதுதான் பொருள். எல்லா இடத்திலும் இருக்கும், எந்த இடத்திலும் இருக்காது.

வீடு என்றால் விடுதலை என்றும் தமிழில் பொருள் உண்டு. விடுதலைப் பத்திரம் என்ற பேரை யார் வைத்தார்களோ. ஆத்தா அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இருபத்தேழு பேருக்கும் நான் கடிதம் எழுதினேன். இதுவரை ஒன்பது பேர் சரி என்றிருக்கிறார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் பெண்கள்.